வேரில்லாக் கோரை

கடைத் தொட்டியில் ஸீனியா என்ற மென்பவளத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது கடினம். ஒரே கல்லில் நூறு சிறு கைகள், குழந்தையின் உள்ளங்கை போல, விரிவதும் மூடுவதுமாக இருக்கும். மீனே இல்லாத தொட்டியிலும் அது உயிர்ப்பைக் கொண்டுவந்துவிடும். அந்த ஓயாத அசைவுக்குக் காரணம் உண்டு. இதன் நெருங்கிய உறவான ஹெட்டரோஸீனியாவைச் செங்கடலில் ஆராய்ந்த இஸ்ரேலிய விஞ்ஞானிகள், ஒவ்வொரு துடிப்பும் உடலருகே தேங்கும் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு ஒளிச்சேர்க்கையைக் கூட்டுகிறது என்று 2013இல் காட்டினார்கள். கைவீசிக் கைவீசியே சோறு தேடிக்கொள்கிற உயிர் அது. "புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஏத்தது சார், லேசுல சாகாது" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். சொன்னது உண்மை. எட்டு மாதம் கழித்து, கல்லின் மேல்முகம் முழுக்க ஸீனியாவாகி, கையில் குறடோடு தொட்டி முன் நிற்கும்போது அதே சொல் வேறு பொருளில் காதில் விழும்.

இந்த நிலைக்கு வந்தவர்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. கல்லைத் தொட்டியிலிருந்து தூக்கு, கையால் பிடுங்கு, மிச்சத்தைப் பிரஷ் போட்டுத் தேய், அலசு, பழைய இடத்தில் வை. பாத்திரம் துலக்குகிற முறை இது. பவளத்தை அழுக்காகவும் கல்லைப் பாத்திரமாகவும் எடுத்துக்கொள்கிற முறை. பவளத் தொட்டி வைத்திருக்கும் 11 ஆண்டுகளில் நானும் பலமுறை இப்படிச் செய்து, நன்மையும் கண்டிருக்கிறேன், நட்டமும் பட்டிருக்கிறேன். அதனால்தான் இதை முழுதாகத் தள்ளவும் மனம் வரவில்லை, முழுதாகக் கொள்ளவும் முடியவில்லை.

கல்லிலிருந்து தொடங்குகிறேன். நாங்கள் லைவ் ராக் என்று சொல்லும் உயிர்க்கல், இறந்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு. கடலடியில் பல்லாண்டு கிடந்து, துளைக்கும் சிப்பியாலும் புழுவாலும் சல்லடையாகிப்போனது. அதன் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி விடுவிக்கின்றன. இவை போக, கடற்பஞ்சு, குழாய்ப்புழு, கண்ணுக்குச் சட்டெனப் படாத கூனிவகைகள் என்று ஒரு கல்லுக்குள் ஒரு கிராமமே குடியிருக்கும். 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர்க்கல்லையும் காற்றுக்குமிழியையும் நம்பியே கடலுயிர்த் தொட்டி வைக்கலாம் என்று எழுதினார். பிறகு ஜெர்மானியர்கள், கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரையும் வலுவான விளக்கையும் சேர்த்து அதைப் பெர்லின் முறையாக வளர்த்தார்கள். இன்றைய பவளத் தொட்டிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. தொட்டிக்கு ஈரலும் சிறுநீரகமும் அந்தக் கல்தான்.

கல் கிடைப்பதும் எளிதில்லை. ஃபுளோரிடாவை ஒட்டிய அமெரிக்கக் கூட்டாட்சிக் கடற்பரப்பில் இயற்கையான உயிர்க்கல்லை எடுப்பது 1997 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. இந்தியாவில் வன்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆகவே பலர் உலர்ந்த கல்லையோ வார்த்த கல்லையோ வாங்கி, மாதக்கணக்கில் காத்திருந்து அதற்கு உயிரேற்றுகிறார்கள். அப்படி உயிரேறிய கல்லை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேய்த்துக் கழுவுவதன் விலை, அடுத்த வாரம் தண்ணீரைச் சோதிக்கும்போது தெரியும்.

இனிப் பவளம். பழக்கத்தின் முதல் பிழை, எல்லா மென்பவளத்தையும் ஒன்றாகப் பார்ப்பது. கல்லைப் பற்றிக்கொள்ளும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. கிரீன் ஸ்டார் பாலிப், ஊதா நிறத்தில் தோல் போன்ற பாய் ஒன்றைக் கல்மேல் விரித்துக்கொண்டே போகும். காற்றிலாடும் புல்போலத் தெரியும் பச்சைப் பாலிப்புகள் அந்தப் பாயிலிருந்து முளைப்பவை. தொட்டால் உள்ளிழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிகிற பச்சையைப் பறித்தவர் அதன் உடலைத் தொடவே இல்லை. கோரையைப் பிடுங்கும் விவசாயிக்கு, மண்ணுக்குள் கிழங்கு நின்றுவிட்டால் அடுத்த மழைக்கு வயல் மறுபடி கோரைதான் என்பது தெரியும். இங்கே கிழங்கும் இல்லை, வேரும் இல்லை. கல்லின் ஒரு துளைக்குள் நகக்கண் அளவு பாய் மிஞ்சினாலே அது முழு உயிர்.

ஸீனியா அப்படிப் பாய் விரிப்பதில்லை. தனித்தனித் தண்டுகளாக நிற்கும், மெல்ல நகரவும் செய்யும், நகர்ந்துபோகும் வழியில் அடித்திசுவின் துண்டை விட்டுவிட்டுப் போகும். அந்தத் துண்டு இன்னொரு ஸீனியா ஆகும். கென்யா மரம் என்று அழைக்கப்படும் கேப்னெல்லா தன் கிளை நுனிகளைத் தானே உதிர்த்து நீரோட்டத்தில் மிதக்கவிடும். அவை ஒதுங்கிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். குடைபோல் விரியும் தோல்பவளமான சார்கோஃபைட்டன் இப்படிப் படர்வதில்லை. ஒரே தண்டில் நின்று, பெருத்து, கீழே இருப்பவற்றுக்கு வெளிச்சத்தை மறைக்கும். இந்த நான்குக்கும் பொதுவாகக் குறடு ஒன்றைத்தான் நம் பழக்கம் கொடுக்கிறது.

கையால் அகற்றுவதன் நல்ல பக்கத்தைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. நீரில் மருந்து கலப்பதில்லை. எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்பது கண்முன் நடக்கிறது. வழவழப்பான கல்லில் நிற்கும் ஸீனியாவின் அடியில் நகத்தைக் கொடுத்துப் பொறுமையாக நெம்பினால் அடித்திசுவோடு முழுதாகப் பெயர்ந்து வரும். தோல்பவளத்தின் தண்டைக் கல்மட்டத்தில் கூரிய கத்தியால் அறுத்தால் ஒரே வெட்டில் வேலை முடிந்துவிடும். அடிக்கட்டை மீண்டும் துளிர்த்தாலும் அது இருக்கும் இடம் தெரியும். ஒட்டுவதற்கு முன்பே கென்யா மரத்தின் உதிர்ந்த குட்டிகளைப் பொறுக்குவதற்குக் கையைவிட நல்ல கருவி கிடையாது. தொற்று இளசாக இருக்கும்போது, இரண்டு மூன்று தலைகள் மட்டும் இருக்கும்போது, கையே போதும்.

அதை இன்னும் சீராகச் செய்யவும் வழி இருக்கிறது. பம்புகளை நிறுத்திவிட்டு, சைஃபன் குழாயின் வாயைக் கத்தி முனையோடு சேர்த்துப் பிடித்து, அறுக்க அறுக்கத் துண்டும் சளியும் நேராக வாளிக்குப் போகும்படி செய்வது. ஒருவர் அறுக்க இன்னொருவர் குழாயைப் பிடித்தால் நல்லது. எங்கள் வீட்டில் அந்த வேலை என் மகளுடையது. தண்ணீர் மாற்றும் நாளில், மாற்ற வேண்டிய தண்ணீரையே இதற்குச் செலவிட்டு, வாரத்துக்கு ஓர் உள்ளங்கை அகலம் மட்டும் எடுத்தால் தொட்டி தள்ளாடுவதில்லை. ஆனால் இப்படிச் செய்பவர்கள் குறைவு. ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்ற ஆத்திரத்தில்தான் நாம் குறட்டையே கையில் எடுக்கிறோம்.

துண்டு சிதறுவதுதான் கைமுறையின் ஆறாத குறை. இதைக் கடலளவில் பார்க்க வேண்டுமானால் மன்னார் வளைகுடாவுக்குப் போகலாம். தொழிலுக்காகத் தென்கடலோரத்தில் வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் என்னும் அயல் கடற்பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். வனத்துறை ஆட்களை இறக்கிக் கையால் பிடுங்கியது. மிஞ்சிய துண்டுகளிலிருந்து பாசி திரும்ப வளர்ந்தது. அதே இனப் பாசிகளோடு போராடிய ஹவாயின் கனேயோஹே விரிகுடாவில், முக்குளிப்பவர்கள் பாசியைப் பிடுங்கப் பிடுங்க மிதவையில் பொருத்திய பெரிய உறிஞ்சுகுழாய் அதை மேலே இழுத்துக்கொண்டது. அத்தோடு விடாமல், பண்ணையில் வளர்த்த கடல்முள்ளெலிகளைச் சுத்தமான பாறைகளில் விட்டார்கள். மறுதளிரை அவை மேய்ந்தன. பாசியும் பவளமும் வேறுவேறு உயிர்கள் என்றாலும் துண்டிலிருந்து முளைக்கும் கணக்கு இரண்டுக்கும் ஒன்று. பிடுங்கும்போதே துண்டைப் பிடித்தார்கள், பிடுங்கிய இடத்துக்குக் காவல் வைத்தார்கள். நம் வீட்டுத் தொட்டிப் பழக்கத்தில் இந்த இரண்டுமே இல்லை.

தேய்ப்பதற்கு வருவோம். இந்தப் பழக்கத்தில் நான் முற்றாக எதிர்ப்பது பிரஷ்ஷைத்தான். பாயைப் பிரஷ் கிழிக்கும், துளைக்குள் இருக்கும் திசுவை எட்டாது. ஆகவே பவளம் மிஞ்சும். பாக்டீரியாப் படலமும் கடற்பஞ்சும் குழாய்ப்புழுவும் வெளிப்புறத்தில் இருப்பவை. ஆகவே அவை போகும். அகற்ற நினைத்தது தங்கி, காக்க வேண்டியது போகிற முறைக்கு எப்படி நல்ல பெயர் வந்தது என்று யோசித்திருக்கிறேன். தேய்த்த கல் வெள்ளையாக, புதிதுபோலத் தெரிகிறது. முதல் மூன்று வாரம் அதில் எதுவும் முளைப்பதில்லை. அந்த மூன்று வாரத்தில்தான் "வெற்றி" என்று படம் எடுத்துப் பகிர்கிறோம். ஐந்தாவது வாரத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

கிழிந்த மென்பவளம் சும்மாவும் சாவதில்லை. வன்பவளம்போலக் கல்கோட்டை இல்லாத இவை, வேதிப்பொருளால் தம்மைக் காத்துக்கொள்பவை. டெர்பீன் வகை நச்சுகளை நீரில் கசியவிட்டு அருகில் உள்ள வன்பவளத்தின் வளர்ச்சியை மென்பவளங்கள் கெடுப்பதை ஜான் கால், பால் சம்மார்கோ ஆகியோர் 1980களில் ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் விரிவாக ஆராய்ந்தார்கள். கடலில் அந்த நச்சை அலை கரைத்துவிடும். 200 லிட்டர் தொட்டியில் அது எங்கே போகும்? நிறைய திசுவைத் தொட்டிக்குள்ளேயே கிழித்த அன்று, இறந்த திசு அழுகி அம்மோனியாவும் ஏறும். அதைத் தின்ன வேண்டிய பாக்டீரியாவைத்தான் தேய்த்துக் கழுவியிருக்கிறோம். கரிவடிகட்டி புதிதாகப் போட்டு, ஸ்கிம்மரை ஈர நுரை எடுக்கும்படி ஓடவிட்டு, நீரை மாற்றியே ஆக வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதில் எனக்குத் தயக்கம் இல்லை. தொட்டிக்காரர்கள் மென்பவளக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிற ஸோவாந்திட் வகையைச் சேர்ந்த பாலித்தோவா, உண்மையில் மென்பவளம் அன்று. அவற்றில் சிலவற்றின் திசுவில் பாலிடாக்சின் உண்டு. 1971இல் ஹவாயில் மூரும் ஷோயரும் பிரித்தெடுத்த இந்த நஞ்சு, உடற்செல்களின் சோடியம் பொட்டாசியம் பம்பையே திறந்துபோட்ட கதவாக்கிவிடும். கல்லைத் தேய்க்கும்போது தெறிக்கும் துளியும், கல்லைக் கொதிக்கவைக்கும்போது எழும் ஆவியும் மூச்சோடு உள்ளே போகும். அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை கடைகளிலும் வீடுகளிலும் நேர்ந்த இத்தகைய சம்பவங்களை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2015இல் வெளியிட்டது. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் ஒரு வீட்டில் தொட்டிப் பவளத்தை அகற்றியதில் அந்தக் குடும்பமும், உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். படர்ந்த கல்லில் ஸீனியாவுக்கு நடுவே இரண்டு பழுப்புப் பாலித்தோவா இருப்பது சாதாரணம். வேலை மும்முரத்தில் அதைக் கவனிக்க மாட்டோம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். என்ன வந்தாலும் உயிர்க்கல்லைக் கொதிக்கவைக்காதீர்கள். சமையலறை அடுப்பில் சிறுபிள்ளைகள் பக்கத்தில் நிற்க அதைச் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பிளீச்சில் ஊறவைப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பலிக்கும். ஆனால் கையில் மிஞ்சுவது உயிர்க்கல் அன்று, வெறுங்கல். தொட்டியையே முதலிலிருந்து தொடங்குவதாக இருந்தால் செய்யலாம்.

நான் கைக்கொண்டிருப்பது உளி. பாய் படர்ந்த இடத்தை, அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கல்லோடு சேர்த்தே செதுக்கி எடுத்துவிடுவது. தொட்டி நீரை ஊற்றிய அகலமான டப்பில் கல்லை அமிழ்த்தி வைத்து, மெல்லிய உளியை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தட்டினால், துளை மிகுந்த கல் பொறுக்காகப் பெயரும். பவளம் எதைப் பற்றியிருக்கிறதோ அதையே எடுத்துவிடுவதால் மிச்சத்துக்கு இடமில்லை. கல்லின் மற்ற முகங்களும் உள்துளைகளும் நீருக்குள்ளேயே இருப்பதால் உயிரோடு தப்பும். கிரீன் ஸ்டார் பாலிப்புக்கு எனக்குத் தெரிந்து இதற்கு நிகரான வழி இல்லை. குறைகளும் உண்டு. தொட்டியின் அடிக்கல்லில் படர்ந்திருந்தால் மேலே அடுக்கிய கல்லையெல்லாம் கலைக்க வேண்டும். எப்பாக்சியால் ஒட்டிய அடுக்கு என்றால் அது முடியாத காரியம். தட்டும் அதிர்வில் கல் நடுவே பிளந்ததும் எனக்கு நேர்ந்திருக்கிறது. கல் முழுவதும் படர்ந்த பிறகு செதுக்குவதற்கு எதை விட்டுவைப்பது என்றே தெரியாது. முதல் பாய் ஒரு ரூபாய் நாணய அளவு இருக்கும்போதே உளியை எடுப்பவருக்குத்தான் இந்த முறை.

கல்லை வெளியே எடுக்க முடியாதவர்களுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. கால்சியம் ஹைட்ராக்சைடைச் சில துளி நீரில் கெட்டியாகக் குழைத்து, சிரிஞ்சால் ஸீனியாவின் அடியில் வைப்பது. அதன் காரம் 12.4 பிஎச் வரை போகும் என்பதால் தொட்ட திசு வெந்துவிடும். பம்பை நிறுத்தி வைத்தால் பூச்சு அந்த இடத்திலேயே நிற்கும். தனித்தலைகளுக்கும், உளி போக முடியாத சந்துகளுக்கும் நல்லது. பாயின் மேற்புறத்தை மட்டுமே அது சுடும் என்பதால் கிரீன் ஸ்டாரிடம் தோற்கும். ஒரே நாளில் இருபது இடத்தில் வைத்தால் தொட்டி நீரின் பிஎச்சே எகிறும்.

நாய்க்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் ஃபென்பெண்டசோலைத் தொட்டி முழுக்கக் கலப்பவர்களும் இருக்கிறார்கள். கிரீன் ஸ்டாரும் ஸீனியாவும் சில நாளில் கரைந்துபோவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். அந்தக் காட்சிக்கு ஈர்ப்பு அதிகம். ஆனால் அதே மருந்து கல்லுக்குள் இருக்கும் புழுக்களையும் நத்தைகளையும் எடுத்துவிடும். துளைமிகுந்த கல் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடுவதால், பல மாதம் கழித்து வாங்கிவிட்ட நத்தையும் சாகும். தேய்ப்பதில் ஒரு கல்லின் கிராமம்தான் அழிகிறது. இதில் தொட்டி முழுவதன் கிராமமும் போகிறது. சத்தமில்லாமல் போவதால் இதை நாம் சேதமாக எண்ணுவதில்லை.

தின்னும் உயிரை விடலாமே என்று கேட்பார்கள். ஓவுலா ஓவும் என்ற வெண்சோழி தோல்பவளத்தைத் தின்னும், ஃபில்லோடெஸ்மியம் என்ற ஓடில்லா நத்தையில் சில இனங்கள் ஸீனியா வகைகளைத் தின்னும். வேறு எதையும் தின்னாதவை என்பதால், தொட்டி சுத்தமானதும் பட்டினி கிடந்து சாகும். ஒரு பிராணியை அப்படிச் சாகவிடும் திட்டத்தை என்னால் பரிந்துரைக்க முடியாது.

சத்தைக் குறை, தானே அடங்கும் என்பது இன்னொரு வாதம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்த நீரில் ஸீனியா கொழிக்கும் என்பது சரியே. ஆனால் அவற்றைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் முதலில் வெளுப்பவை நாம் காப்பாற்ற நினைத்த பவளங்கள். அந்தப் பட்டினி நீரில் பழுப்புச் சளியாக டைனோஃபிளாஜெல்லேட் வந்து குடியேறிய தொட்டிகளையும் பார்த்திருக்கிறேன். எனக்குச் சத்தைவிட இடம்தான் முக்கியமாகப் படுகிறது. வெடிவைத்து மீன்பிடித்ததால் இந்தோனேசியாவின் கொமோடோ பகுதியில் நொறுங்கிப்போன பவளத்திட்டுகளில், துண்டுக்கற்களின் மேல் ஸீனியா போன்ற மென்பவளங்கள் பரவியிருப்பது பதிவாகியிருக்கிறது. காலியான, நிலையற்ற தரையை முதலில் எடுத்துக்கொள்வது அவற்றின் இயல்பு. நாம் தேய்த்து வெள்ளையாக்கி வைக்கும் கல் அவற்றுக்கு வேறு எப்படித் தெரியும்?

பிடுங்கியதை என்ன செய்கிறோம் என்பதைப் பழக்கம் பேசுவதே இல்லை. இதில்தான் என் மனக்குறை மிகப் பெரிது. கொன்றுபோட மனமில்லாமல் வாளியோடு கடலுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. ஸீனியாவின் குடும்பத்தைச் சேர்ந்த உனோமியா ஸ்டோலோனிஃபெரா, இந்தோ பசிபிக் கடலுக்குரியது. அது வெனிசுவேலாவின் மோச்சிமா கடற்பகுதிக்கு வந்து சேர்ந்ததற்குத் தொட்டி வணிகமே காரணமாகச் சுட்டப்படுகிறது. அங்கே அது பவளங்களையும் கடற்புல்லையும் மூடிக்கொண்டு பரவியது. 2020இல் ஹவாயின் பேர்ல் துறைமுகத்திலும் அதே இனம் கண்டறியப்பட்டது. வீட்டில் ஓர் அடிக் கல்லிலிருந்து அகற்ற முடியாமல் தவிக்கிற நாம், கடலடியில் அதை யார் அகற்றுவார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடைக்கே திருப்பிக் கொடுப்பதிலும், நண்பருக்குத் தூக்கிக் கொடுப்பதிலும் நாணயம் இருக்க வேண்டும். இது படரும், இதனால் எனக்கு இப்படி ஆயிற்று என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். எனக்கு ஸீனியாவைக் கொடுத்தவர் அதைச் சொல்லவில்லை. நானும் இரண்டு பேருக்குச் சொல்லாமல் கொடுத்திருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது.

என் தொட்டியில் இப்போதும் ஸீனியா இருக்கிறது. அந்தக் கையசைப்பை விட எனக்கு மனம் வரவில்லை. மற்றக் கற்களிலிருந்து ஒரு சாண் தள்ளி, மணல் நடுவே, தனிக் கல்லில் இருக்கிறது. தண்ணீர் மாற்றும் நாளில் அந்தக் கல்லின் அடியோரத்தைச் சுற்றி ஒருமுறை கத்தியை ஓட்டுகிறேன், மகள் குழாயைப் பிடிக்கிறாள். வெட்டியவற்றை மூடியுள்ள டப்பாவில் குழாய்த்தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் வைத்து, இறுகக் கட்டிய பையில் குப்பைக்கு அனுப்புகிறோம். சென்ற தை மாதம் பெரிய கல்லில் கிரீன் ஸ்டாருக்காகச் செதுக்கிய இடம், உள்ளங்கை அளவில் வெள்ளையாக இருந்தது. இப்போது அதன் ஓரத்திலிருந்து கோரலைன் பாசி இளஞ்சிவப்பாக உள்நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஓர் எட்டணா அளவு வெள்ளை பாக்கி.